ஜாஸ் ஸ்டாண்டர்ட் என்றால் என்ன? ‘பாடி அண்ட் சோல்’ வழியாக ஓர் எளிய அறிமுகம்

யூடியூபில் ‘பாடி அண்ட் சோல்’ என்று தேடிப் பாருங்கள். ஒரே பெயரில் வரிசையாக வந்து விழும். பில்லி ஹாலிடே பாடியது, சாரா வான் பாடியது, ஜான் கோல்ட்ரேன் சாக்ஸபோனில் வாசித்தது, டோனி பென்னட்டும் ஏமி வைன்ஹவுஸும் சேர்ந்து பாடியது என்று பட்டியல் நீளும். இவற்றில் மிகப் புகழ்பெற்றது எது என்று ஜாஸ் ரசிகர்களைக் கேட்டால், பெரும்பாலானோர் 1939இல் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் பதிவு செய்த மூன்று நிமிட இசைத்தட்டைத்தான் காட்டுவார்கள். அதில் பாடகரே கிடையாது. மெட்டும் தொடங்கிய சில நொடிகளிலேயே கழன்றுகொள்கிறது. புதிதாகக் கேட்கிறவர், வேறு எதையோ போட்டுவிட்டோமோ என்று தலைப்பை இன்னொரு முறை பார்ப்பார். மெட்டு இல்லாத ஒரு பதிவு எப்படி அந்தப் பாட்டின் தலைசிறந்த பதிவாக ஆனது? அது பிடிபட்டால் ஜாஸில் பாதி பிடிபட்ட மாதிரி.

முதலில் ஸ்டாண்டர்ட். ஜாஸ் வாசிக்கிற எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பொதுப் பாட்டுகளுக்கு அந்தப் பெயர். முன்பின் அறிமுகமில்லாத நான்கு பேர் மேடையேறி, பாட்டின் பெயரையும் ஸ்ருதியையும் மட்டும் காதோடு சொல்லிக்கொண்டு, ஒத்திகையே இல்லாமல் வாசிக்க முடிவது இதனால்தான். இவற்றில் பெரும்பகுதி ஜாஸுக்காக எழுதப்பட்டவையே அல்ல. 1920களிலிருந்து 1950கள் வரை நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்டவை. நாடகம் ஓடி ஓய்ந்தது, படம் மறந்துபோனது, பாட்டு மட்டும் ஜாஸ் கிளப்புகளில் குடியேறிவிட்டது. தெலோனியஸ் மங்கின் ‘ரவுண்ட் மிட்நைட்’ போல ஜாஸ்காரர்களே எழுதி ஸ்டாண்டர்ட் ஆனவையும் உண்டு.

‘பாடி அண்ட் சோல்’ பிறந்ததும் மேடைக்காகத்தான். 1930இல் இதற்கு மெட்டமைத்த ஜானி கிரீனுக்கு வயது 21. ஹார்வர்டில் பொருளாதாரம் படித்தவர். வால் ஸ்ட்ரீட்டில் கொஞ்ச காலம் குமாஸ்தாவாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒத்துவராமல் இசைக்கே திரும்பியவர். (அப்புறம் அவர் எம்ஜிஎம் ஸ்டுடியோவின் இசைத்துறைக்குத் தலைவராகி ஆஸ்கர்களாக வாங்கிக் குவித்தது தனிக் கதை.) பிரிட்டிஷ் நடிகை கெர்ட்ரூட் லாரன்ஸ் தனக்குப் பாட்டுகள் வேண்டுமென்று கேட்க, அவருக்காக நியூயார்க்கில் உருவானது இது. வரிகளில் எட்வர்ட் ஹேமன், ராபர்ட் சவர், ஃபிராங்க் அய்ட்டன் என்று மூன்று பேரின் கை இருக்கிறது. விஷயம் பழையதுதான்: விட்டுப்போன காதலனை நினைத்து ஒருத்தி, உடலாலும் உயிராலும் நான் உன்னுடையவள் என்று ஏங்குகிறாள்.

லாரன்ஸ் பாட்டை லண்டனுக்குக் கொண்டுபோனார். ஜாக் ஹில்டனின் இசைக்குழு அங்கேயே அதை முதன்முதலில் இசைத்தட்டில் பதிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் ‘த்ரீஸ் எ கிரவுட்’ என்ற மேடை நிகழ்ச்சியில் லிபி ஹோல்மன் பாட, பாட்டு அமெரிக்கா முழுக்கப் பரவியது. லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அதே ஆண்டில் பதிவு செய்துவிட்டார். பிறந்த ஓராண்டுக்குள் லண்டன், பிராட்வே, ஜாஸ் என்று மூன்று வாசலையும் மிதித்துவிட்ட பாட்டு இது.

இனி அதன் கட்டுமானம். இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

தாளத்தை நான்கு நான்கு தட்டாக எண்ணிக்கொண்டு போனால், ஒவ்வொரு நான்கும் ஒரு பார். பாட்டு மொத்தம் 32 பார். முதல் எட்டு பாரில் ஒரு மெட்டு. அடுத்த எட்டில் அதே மெட்டு திரும்ப. மூன்றாவது எட்டில் புதிதாக ஒன்று வரும், அதை பிரிட்ஜ் என்பார்கள். கடைசி எட்டில் பழைய மெட்டுக்கே வந்து சேர்வது. அந்தக் காலத்துப் பாட்டுகள் ஏராளமாக இதே அச்சில் வார்த்தவைதான். இந்த 32 பாரும் ஒரு சுற்று முடிந்தால் அது ஒரு கோரஸ். மெட்டுக்கு அடியில் பியானோவோ கிட்டாரோ கார்டுகளைப் பிடித்துக்கொண்டே போகும். மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது கார்டு. நம் சினிமாப் பாட்டில் பாடகர் மேலே பாட, கிட்டார்காரர் கீழே பிடிப்பது இதைத்தான். எந்தப் பாரில் எந்தக் கார்டு என்ற வரிசைதான் பாட்டின் அஸ்திவாரம்.

ஜாஸில் வழக்கமாக நடப்பது இப்படி: முதல் கோரஸில் மெட்டை வாசிப்பார்கள். அதன்பின் மெட்டை விட்டுவிட்டு, அதே கார்டு வரிசை கீழே சுழன்றுகொண்டிருக்க, ஒருவர் மேலே அந்தக் கணத்தில் தோன்றுகிற புது மெட்டைக் கட்டிக்கொண்டே போவார். அடுத்தவர் தொடர்வார். கடைசியில் மெட்டு திரும்பி வரும். கர்நாடக இசை கேட்கிறவர்களுக்கு, ஆவர்த்தனக் கணக்கில் கல்பனாஸ்வரம் பாடுவது நினைவுக்கு வரலாம். சுழற்சி என்ற அளவில் பொருத்தம் சரி. ஆனால் அங்கே ராகம் கடைசிவரை ஒன்றுதான். இங்கே கார்டு மாறும்போதெல்லாம் எந்தச் சுரம் இசையும், எது உறுத்தும் என்ற கணக்கே மாறிவிடும். ஒரே பாருக்குள் இரண்டு முறைகூட மாறும்.

‘பாடி அண்ட் சோல்’ இதில் கொஞ்சம் கிறுக்குப் பிடித்த பாட்டு. வழக்கமாக இதை வாசிப்பது ஒன்றரைக் கட்டை ஸ்ருதியில். பிரிட்ஜ் வந்தால் ஸ்ருதியே இரண்டு கட்டைக்கு ஏறிவிடும். நான்கு பார் கழித்து ஒரு கட்டைக்கு இறங்கும். அங்கிருந்து கார்டுகள் அரை அரையாகச் சறுக்கி, எட்டாவது பார் முடியும்போது பழைய ஒன்றரைக் கட்டையில் கொண்டுவந்து விட்டுவிடும். எட்டே பாரில் இத்தனை இடமாற்றம். 1930இல் ஜனங்கள் முணுமுணுக்க எழுதிய ஒரு காதல் பாட்டுக்கு இது அதிகப்படிதான். பாடுகிறவருக்குத் தலைவலி; மனோதர்மத்தில் வாசிக்கிறவருக்கோ விருந்து. இந்தப் பாட்டு இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு வரிகளைவிட, ஏன், மெட்டைவிடவும்கூட, இந்தப் பிரிட்ஜ்தான் காரணம் என்பது என் கட்சி.

சிக்கலான பாட்டு என்றால் சோதனைக்கும் அதுதான் அளவுகோல். பிற்காலத்தில் ஜாஸையே புரட்டிப்போட்ட சார்லி பார்க்கர், பதின்வயதில் கேன்சஸ் சிட்டியில் ஒரு கிளப்பில் பெரியவர்களோடு வாசிக்கப் போனார். கைவசம் இரண்டே பாட்டு. அவை வரை சமாளித்தார். ‘பாடி அண்ட் சோல்’ வந்ததும் இரட்டை வேகத்தில் வாசித்துக் காட்டலாம் என்று ஆசைப்பட்டார், நடுவில் கவிழ்ந்தார், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய் அழுததாகவும் மூன்று மாதம் சாக்ஸபோனைத் தொடவில்லை என்றும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஹாக்கின்ஸுக்கு வருவோம். 1904இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். டெனர் சாக்ஸபோன் வேடிக்கைச் சத்தம் எழுப்பும் கருவியாகப் பார்க்கப்பட்ட 1920களில், ஃபிளெட்சர் ஹெண்டர்சன் இசைக்குழுவில் உட்கார்ந்து அதற்குக் கனத்த, அகலமான ஒரு குரலைக் கொடுத்தவர். 1934இல் ஐரோப்பாவுக்குப் போய் ஐந்து ஆண்டு அங்கேயே தங்கிவிட்டார். போர் மூளும் நேரத்தில், 1939 ஜூலையில், நியூயார்க் திரும்பினார். அதற்குள் லெஸ்டர் யங் என்றொருவர் மெல்லிய, காற்றோட்டமான தொனியில் டெனர் வாசித்து இளைஞர்களைத் தன் பக்கம் இழுத்திருந்தார். பழைய சிங்கத்துக்கு இன்னும் பல் இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஹாக்கின்ஸ் அப்போது கெல்லிஸ் ஸ்டேபிள்ஸ் என்ற கிளப்பில் இந்தப் பாட்டை எடுத்து, கோரஸுக்கு மேல் கோரஸாக நீட்டி வாசித்துக்கொண்டிருந்தார். பதிவு செய்யும் எண்ணம் அவருக்குப் பெரிதாக இல்லை. 1939 அக்டோபர் 11 அன்று புளூபேர்ட் என்ற இசைத்தட்டு லேபிளுக்காக வேறு பாட்டுகளைப் பதிந்து முடித்த பிறகு, தயாரிப்பாளர் லெனர்ட் ஜாய் வற்புறுத்தியதால்தான் இதையும் வாசித்தார். அந்தக் காலத்துப் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குமேல் இடம் இல்லை. இந்த வேகத்தில் அது இரண்டு கோரஸுக்குத்தான் காணும். வேறு யாராக இருந்தாலும் ஒரு கோரஸை மெட்டுக்கு ஒதுக்கியிருப்பார்கள். இவர் இரண்டையும் தனக்கே வைத்துக்கொண்டார்.

கையில் அந்தப் பதிவை வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். முதல் பத்து நொடி ஜீன் ரோஜர்ஸின் பியானோ, நான்கு பார். பிறகு ஹாக்கின்ஸ் நுழைகிறார். முதல் சில பார்களில் மெட்டின் சாயல் இருக்கும். பாட்டைத் தெரிந்தவர் கண்டுகொள்ளலாம். பத்திரமாக அனுபவித்துக்கொள்ளுங்கள், இதற்குமேல் அது வராது. ஏறத்தாழ 50ஆவது நொடியில் பிரிட்ஜ். ஸ்ருதி நகர்வது பயிற்சியில்லாத காதுக்கும் தெரியும். திடீரென்று வெளிச்சம் மாறியது போல இருக்கும். ஒன்றரை நிமிடத்தை ஒட்டி இரண்டாவது கோரஸ் தொடங்கும்போது, பின்னணியில் மற்ற ஊதுகருவிகள் நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சேர்கின்றன. ஹாக்கின்ஸின் ஒலி அங்கிருந்து கனக்க ஆரம்பிக்கிறது. சுரங்களுக்கு நடுவே இடைவெளி குறைகிறது, உச்சம் மேலே மேலே போகிறது, கடைசி எட்டு பாரில் உடைந்துவிடுமோ என்கிற அளவுக்கு அழுத்திவிட்டு, முடிவில் தாளம் அடங்க, தனியாக இறங்கிவந்து நிறுத்துகிறார். குரலை உயர்த்திக்கொண்டே போகிற ஒரு நீண்ட பேச்சு அது. எந்த இடத்திலும் பின்வாங்காது.

அவர் செய்வது என்ன? ஒவ்வொரு கார்டும் வரும்போது அதன் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக உதிர்த்து, ஏணியில் ஏறி இறங்குவது போல் வாசித்துக்கொண்டு, அடுத்த கார்டுக்குத் தாவுகிறார். அச்சிட்ட தாளில் இல்லாத இடைக்கார்டுகளையும் தானே செருகிக்கொள்கிறார். பியானோவும் பேஸும் (அடிக்குரலில் ஒலிக்கும் பெரிய தந்திக் கருவி) ஒரு நிமிடம் வாயை மூடினாலும் சாக்ஸபோனை மட்டும் கேட்டுப் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அந்த அளவுக்கு அஸ்திவாரம் முழுவதும் அந்த ஒற்றைக் குரலுக்குள் இருக்கிறது. மெட்டு போயிற்று, பாட்டு போகவில்லை என்பது இதனால்தான். ஸ்டாண்டர்டாக நிலைப்பதற்கு ஒரு பாட்டுக்கு வேண்டியதும் இப்படிப்பட்ட, தாங்குகிற அஸ்திவாரம்தான். நல்ல மெட்டு இருந்தும் அது இல்லாமல் காணாமல் போன பாட்டுகள் நிறைய.

இத்தனை கனமான சங்கதி விற்காது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் ஜூக்பாக்ஸில் காசு போட்டு ஜனங்கள் இதைக் கேட்டார்கள். ஜாஸ்காரர்களும் சாதாரண மக்களும் ஒரே தட்டை விரும்பியது ஹாக்கின்ஸுக்கே ஆச்சரியமாக இருந்தது. சாக்ஸபோன் வாசித்த இளைஞர்கள் அந்த 64 பாரையும் மனப்பாடம் செய்தார்கள். எடி ஜெஃபர்சன் என்ற பாடகர் இன்னும் ஒரு படி மேலே போய், ஹாக்கின்ஸ் வாசித்த ஒவ்வொரு சுரத்துக்கும் வார்த்தை போட்டுப் பாடினார். அதை 1979இல் மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் குழு திரும்பப் பாடிப் பதிந்தது. ஒரு தரம் கற்பனையில் வாசித்த சாக்ஸபோன் இசை, வரிகளுள்ள பாட்டாகவே ஆகிவிட்டது!

ஹாக்கின்ஸுக்கு முந்தியவர்களையும் விட்டுவிட வேண்டாம். 1935இல் பென்னி குட்மன் தன் மூவர் குழுவோடு பதிந்த ‘பாடி அண்ட் சோல்’ அடக்கமான, கண்ணாடி போல் துல்லியமான வாசிப்பு. கிளாரினெட்டில் வெள்ளையரான குட்மன், பியானோவில் கறுப்பரான டெடி வில்சன், டிரம்ஸில் ஜீன் குரூபா. மறு ஆண்டு சிகாகோவில் இந்த மூவர் மேடையிலும் ஒன்றாக வாசித்தது, நிறப் பிரிவினை ஊறிய அந்த நாளில் சின்ன விஷயமில்லை. 1938இல் டெனர் சாக்ஸபோன் வாசித்த சூ பெர்ரியும் டிரம்பெட் வாசித்த ராய் எல்ட்ரிஜும் சேர்ந்து பதிந்ததில், நடுவில் எல்ட்ரிஜ் சட்டென்று இரட்டை வேகத்துக்குத் தாவுவார். மெதுவான பாட்டை இப்படி நடுவில் முறுக்கிவிடுவது பிறகு பலருக்கு வழக்கமாகிவிட்டது. மறு ஆண்டு ஹாக்கின்ஸ் அந்த வேலையே வேண்டாம் என்று ஒரே நடையில் வாசித்தார்.

1939க்குப் பிறகு இந்தப் பாட்டை எடுக்கிற எந்த டெனர்காரருக்கும் ஒரு சங்கடம்: ஹாக்கின்ஸைப் போல வாசித்தால் நகல் என்பார்கள், வாசிக்காவிட்டால் எதற்கு இந்தப் பாட்டு என்பார்கள். அதற்கு எனக்குத் தெரிந்து சிறந்த பதில் 1960 அக்டோபரில் ஜான் கோல்ட்ரேன் சொன்னது. ‘கோல்ட்ரேன்ஸ் சவுண்ட்’ ஆல்பத்தில் இருக்கிறது. அவர் அஸ்திவாரத்திலேயே கைவைத்துவிட்டார். மெக்காய் டைனர் பியானோவில் ஒரே சிறு உருவத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க, பழைய பாட்டின் சோகம் கரைந்து ஒரு மிதப்பு வருகிறது. பிரிட்ஜில் ஜானி கிரீன் எழுதிய கார்டுகளை எடுத்துவிட்டு, அதற்கு முந்தைய ஆண்டு தன் ‘ஜெயன்ட் ஸ்டெப்ஸ்’ இசைக்காகக் கண்டுபிடித்திருந்த கார்டு ஓட்டத்தைப் பொருத்துகிறார். மேலே மெட்டு அப்படியே இருக்கிறது! ஹாக்கின்ஸ் மெட்டை எடுத்துவிட்டு கார்டை வைத்துக்கொண்டார் என்றால், இவர் அந்த இடத்தில் அதைத் தலைகீழாகச் செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

மங்க் ‘மங்க்ஸ் ட்ரீம்’ ஆல்பத்தில் தனிப் பியானோவில் வாசித்தது எனக்குப் பிடித்த இன்னொன்று. வேண்டுமென்றே தடுக்கித் தடுக்கி நடப்பார், விழவே மாட்டார். எஸ்பெரான்சா ஸ்பால்டிங் 2008இல் இதை ஸ்பானிய மொழியில், நான்குக்குப் பதில் ஐந்து தட்டுத் தாளத்தில், பேஸ் வாசித்துக்கொண்டே பாடினார்.

பாடகர்கள் பக்கம் 1940இல் பில்லி ஹாலிடே பாடியதில் தொடங்கலாம். எல்ட்ரிஜ் அதிலும் டிரம்பெட்டோடு இருக்கிறார். ஹாலிடே தாளத்துக்குச் சற்றுப் பின்னாலேயே வார்த்தையை வைத்துக்கொண்டு போவதைக் கவனியுங்கள். சாரா வான் 1978இல் ரே பிரவுனின் பேஸ் ஒன்றை மட்டும் துணைக்கு வைத்துப் பாடியதில் கார்டு பிடிக்க ஆளே இல்லை. அந்தப் பிரிட்ஜின் ஏற்ற இறக்கங்களை, பிடிமானம் எதுவும் இல்லாமல், குரலாலேயே காட்டிவிட்டுப் போகிறார். பாட்டு கற்கிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

2011 மார்ச்சில் லண்டன் அபி ரோடு ஸ்டுடியோவில் 84 வயது டோனி பென்னட்டும் 27 வயது ஏமி வைன்ஹவுஸும் ஒரே அறையில் நின்று இதைப் பாடினார்கள். சிறு வயதிலிருந்து தான் பூஜித்த ஒருவர் பக்கத்தில் நிற்கிற பதற்றம் ஏமிக்கு. ஜூலையில் அவர் இறந்துபோனார். அதுவே அவருடைய கடைசி ஸ்டுடியோ பதிவாகிவிட்டது. செப்டம்பரில், அவருடைய பிறந்தநாளில், வெளியிட்டார்கள். மறு ஆண்டு கிராமி விருது கிடைத்தது. இசையாகப் பார்த்தால் இது மற்றவற்றின் உயரத்தில் இல்லை. ஆனால் ஜாஸ் பக்கமே வராத ஒரு தலைமுறைக்கு இந்தப் பாட்டை அறிமுகம் செய்தது இதுதான்.

புதிதாகக் கேட்கிறவர்களுக்கு என் யோசனை: ஹாக்கின்ஸில் ஆரம்பிக்க வேண்டாம். முதலில் ஹாலிடேயைக் கேட்டு மெட்டை மனதில் ஏற்றுங்கள், வாய்விட்டு முணுமுணுக்க வருகிற வரைக்கும். அதன்பின் ஹாக்கின்ஸைப் போட்டு, மேலே அவர் வாசிக்கும்போது நீங்கள் மனசுக்குள் ஹாலிடேயின் மெட்டைப் பாடிக்கொண்டே போங்கள். இரண்டும் இடிக்காது. பிரிட்ஜ் வரும் இடத்தில் இரண்டும் சேர்ந்தே திரும்பும். அப்புறம் கோல்ட்ரேன்.

உரிமை விஷயத்திலும் இந்தப் பாட்டு வேடிக்கையானது. ஹாக்கின்ஸ் முழுக்கத் தன் கற்பனையில் வாசித்தும், இசையமைப்பாளர் என்று பெயர் ஜானி கிரீனுக்குத்தான். உரிமை மெட்டுக்கும் வரிகளுக்கும் உண்டு, கார்டு வரிசைக்குப் பொதுவாகக் கிடையாது. 1940களில் பார்க்கரும் கூட்டாளிகளும் இதைத்தான் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்: பிரபலமான பாட்டின் கார்டு வரிசையை எடுத்து, மேலே புது மெட்டு வைத்து, புதுப் பெயர் சூட்டிவிடுவது. ‘ஹவ் ஹை த மூன்’ கார்டுகளின்மேல் பிறந்த ‘ஆர்னித்தாலஜி’ அப்படித்தான் வந்தது.

1930இல் வெளியானது என்பதால் ‘பாடி அண்ட் சோல்’ பாட்டு அமெரிக்கச் சட்டப்படி 2026 ஜனவரி 1ஆம் தேதி பொதுச்சொத்தாகிவிட்டது. அங்கே யாரும் அனுமதி கேட்காமல் பாடலாம், பதிவு செய்யலாம். ஒலிப்பதிவுகளுக்குக் கணக்கு வேறு: 1923 முதல் 1946 வரை வெளிவந்த தட்டுகளுக்கு 100 ஆண்டுப் பாதுகாப்பு. ஆக, பாட்டு இப்போதே எல்லோருக்கும் சொந்தம். ஹாக்கின்ஸ் வாசித்த மூன்று நிமிடம் 2040இல்தான் வந்து சேரும்.